மயக்க டாக்டர் யார்?

அன்புள்ள ஐயா,

போன வருடம் எம்.எஸ். பொது அறுவைச் சிகிச்சை முடித்தேன். மலையடிவாரத்தில் இருபது படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள். எனக்கு விருப்பம்தான். அம்மா, "இதற்கா இவ்வளவு படித்தாய்?" என்கிறார். நண்பர்களோ, இரண்டே வருடத்தில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) கைவிட்டுப் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிறைய உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில் கேட்கிறேன்: அங்கே மயக்க மருந்து கொடுப்பது யார்?

1993-ல் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், ஒரு கூரைக் குடிசையில் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் வைத்தியம் தொடங்கினார்கள். ரெஜி மயக்க மருந்து டாக்டர், அவர் மனைவி லலிதா மகப்பேறு டாக்டர். நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் நந்தகுமார் மேனன் சர்ஜன், அவர் மனைவி ஷைலா தேவி மகப்பேறு மருத்துவர். இவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் தியாகத்தைத்தான் எழுதுகிறோம். எனக்கென்னவோ இந்த ஜோடிப் பொருத்தம்தான் கண்ணில் படுகிறது. ராத்திரி இரண்டு மணிக்குச் சிசேரியன் என்றால், கத்தி பிடிக்க ஓர் ஆள், மூச்சைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த இரண்டாம் ஆள் இல்லையென்றால், சர்ஜன் என்று போர்டு மாட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடத்தான் முடியும். சிட்லிங்கியில் அந்த மலைப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். அப்புறம் ரத்தம்: உரிமம் உள்ள ரத்த வங்கியோ சேமிப்பு மையமோ எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள்.

லேப்ராஸ்கோப்பி போனால் போகட்டும், சின்ன ஊரில் வேறு கைவேலை வரும். மகாராஷ்டிரத்தில் தோண்டாய்ச்சா என்ற சின்ன ஊரின் சர்ஜன் தோங்காவ்கர், குடலிறக்க (ஹெர்னியா) ஆபரேஷனில் வைக்கும் விலையுயர்ந்த வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்தார். கேட்டவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும்! உகாண்டாவில் இதேபோல மலிவு வலையைக் கம்பெனி வலையோடு ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வெளியானது. ஒரு வருடம் கழித்தும் குடலிறக்கம் திரும்ப வருவதில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

உங்கள் அம்மாவின் கேள்விக்குப் பதிலாக என் சித்தப்பாவின் கதையைச் சொல்லுங்கள். குடலிறக்கத்தோடு பதினோரு வருடம், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வயலுக்குப் போனவர். சர்ஜன் இருந்த டவுனுக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

சரி, போவதென்றால் சம்பளத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மயக்க டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்பதையும்.