சின்னப் பிள்ளைகள் இருவருக்கு இரட்டை பகி (இரண்டு பிள்ளைகளை இருத்தித் தள்ளுகிற வண்டி) தேவையா? பக்கம்பக்கமாக இருக்கும் வண்டியா, முன்பின்னாக இருக்கும் வண்டியா நல்லது?

கேட்டவர் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயது, அடுத்தது வரப்போகிறது, இருப்பது லண்டன், எந்த வண்டி வாங்கலாம் என்று. மிச்சம் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வீட்டில் யாரோ "மூத்தவன் நடப்பான்தானே, உது என்னத்துக்கு?" என்று சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் கடைக்குப் போய் வாங்கியிருப்பீர்கள், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

தேவை. இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் இரண்டு வயதுக்குக் குறைவு, கையில் கார் இல்லை, பஸ்ஸிலும் நடையிலும்தான் திரிகிறீர்கள் என்றால் கட்டாயம் தேவை. எந்த வகை என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் கதவையும் லிஃப்டையும் அளந்து பாருங்கள்.

நான் எந்தக் கடைக்காகவும் எழுதவில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். புது வண்டி வாங்கும் வசதி எங்களுக்கு இருக்கவும் இல்லை. "ஊரில எங்கட அம்மாமார் ஆறு பிள்ளை வளர்க்கேல்லையோ, அவையளிட்ட வண்டி இருந்ததோ?" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கும் இப்போதே ஒரு பதில். வளர்த்தார்கள், உண்மை. என் அம்மா வளர்த்தபோது அதே வளவுக்குள் அம்மம்மா இருந்தா, சின்னம்மா இருந்தா, வேலிக்கு அங்கால் பெரியம்மா இருந்தா. ஒரு பிள்ளை அழுதால் தூக்க ஆள் இருந்தது. எனக்கு இங்கே மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட்டும் இரவு வேலைக்குப் போகும் கணவரும்தான்.

எனக்கு இரண்டாவது பிள்ளை சிசேரியன். மூத்தவனுக்கு அப்போது 19 மாதம். ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போதே தாதி வடிவாகச் சொல்லித்தான் விட்டா, பிறந்த பிள்ளையின் பாரத்துக்கு மேல் முதல் சில கிழமைகளுக்கு எதையும் தூக்கக்கூடாது என்று. அது எனக்கு மட்டும் சொன்னதில்லை, இந்த நாட்டு அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். சிசேரியன் செய்த எல்லாருக்கும் சொல்வது. கைக்குழந்தை மூன்று கிலோ, மூத்தவன் 12 கிலோ. "ஒராளைப் பகியில வை, மற்றவனைத் தூக்கு" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் விளங்குவதில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஏழாம் மாதத்திலேயே நான் இரட்டை பகி வேண்டும் என்று கேட்டுவிட்டேன். மாமி "ஒரு வருஷத்துக்குப் பாவிக்கிற சாமானுக்கு இவ்வளவு காசோ?" என்றா. மாமியைக் கெட்டவ என்று சொல்ல வரவில்லை. பத்தியக் கறி வைத்து, சரக்கு அரைத்து, என்னைப் பார்த்தது அவதான். ஆனால் அவ லண்டனில் தனியாக இரண்டு பிள்ளைகளோடு பஸ் ஏறியதில்லை. கணவர் எனக்கும் "ஓம்", மாமிக்கும் "ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மச்சாள் வீட்டில் இருந்து ஒற்றைப் பகியும், அதன் பின்னால் கொழுவும் பலகையும் வந்தன. பெரிய பிள்ளை அதில் ஏறி நின்றுகொண்டு வரலாம். பலகை நல்ல சாமான்தான், மூன்று வயதுப் பிள்ளைக்கு நானே வாங்கச் சொல்லுவேன். 20 கிலோ அளவுக்குத் தாங்கும். ஆனால் நிற்கச் சொன்னால் நிற்கிற வயது வேண்டும். 19 மாதப் பிள்ளைக்கு நடுவழியில் நித்திரை வந்தால் எப்படி நிற்பான்?

வந்தது. லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நோர்த் என்ற கடைத்தெரு தெரியும்தானே, பின்னேரத்தில் கடை வாசலெல்லாம் மரக்கறிப் பெட்டிகள், நடக்கவே இடம் இல்லை. அங்கே மூத்தவன் பலகையை விட்டு இறங்கி நிலத்தில் படுத்துவிட்டான். மழை தூறுகிறது. சின்னவள் பாலுக்குக் கத்துகிறாள். குனிந்தால் எனக்கு வயிற்றில் வெட்டின இடம் இழுத்துப் பிடிக்கிறது. அவனைத் தூக்கவும் முடியாது, விட்டுவிட்டு நகரவும் முடியாது. எங்கள் ஆக்கள் எத்தனையோ பேர் சுற்றிக்கொண்டு போனார்கள். முன்பின் தெரியாத ஒரு ஆபிரிக்க அம்மா தன் பைகளை என் வண்டியின் கீழ்க்கூடைக்குள் திணித்துவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் லிஃப்ட் வரைக்கும் வந்தா. அன்று இரவு இவர் வேலைக்கு வெளிக்கிடும்போது சொன்னேன், "வண்டி வரும்வரைக்கும் நான் பிள்ளையளோட வெளியில இறங்கமாட்டன்" என்று. அந்தக் கிழமையே வந்தது.

இதை எழுதும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளை பார்க்க வருகிறவர்கள். பிள்ளை பிறந்து 31 நாள் கழியுமட்டும் பொறுக்கிற வழக்கம் எங்கள் சனத்துக்குள் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. துடக்கு என்று சொன்னாலும், பெற்றவளுக்கு ஒரு மாத ஓய்வு கிடைத்தது. இங்கே அதைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிட்டு இரண்டாம் கிழமையே வருகிறார்கள், குடும்பமாக வருகிறார்கள், தேத்தண்ணி வரும் என்று கதிரையில் இருக்கிறார்கள். வெட்டின வயிற்றோடு நான் குசினிக்குள் நிற்க, ஹோலில் இருந்து "இப்பத்தைய பிள்ளையளுக்கு எல்லாம் வசதி வேணும்" என்று என் பகியைப் பற்றிக் கதைத்தார்கள். "ஏன் இவ்வளவு கிட்டக்கிட்டப் பெத்தனீங்கள்?" என்றும் ஒருவர் கேட்டார். ஒரு பொம்பிளையிடம் கேட்கிற கேள்வியா அது? போகிறவர்கள் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோங்கள், கால் மணித்தியாலம் இருங்கள், எழும்பி வாருங்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். அளவு நாடாவை எடுங்கள்.

இந்த நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் வழக்கமான கதவு 762 மில்லிமீற்றர், அதாவது 2 அடி 6 அங்குலம். அது கதவுப் பலகையின் அகலம். கதவு 90 பாகைக்கு மேல் திறக்காமல் நின்றால் பலகையின் தடிப்பும் சட்டமும் போக, வண்டி நுழையக் கிடைப்பது அதைவிடக் குறைவு. வாசல் கதவு பெரும்பாலும் 838 மில்லிமீற்றர் இருக்கும், அதனால் அகலமான வண்டி வெளியில் இருந்து வந்துவிடும், உள்ளே அறைக்குள் போகாது. பக்கம்பக்கமாக இருக்கிற வண்டிகளில் நிறைய 74 முதல் 76 சென்ரிமீற்றர் வரை. எல்லாரும் புகழ்கிற, பகபூ கம்பனியின் டொங்கி என்ற வண்டி இரண்டு இருக்கையோடு 74. எங்கள் லிஃப்ட் கதவு 71. அந்த இடத்திலேயே அந்தப் பேச்சு முடிந்தது. நியூசிலாந்துக் கம்பனியான மவுண்டன் பகியின் டூயட் 63 சென்ரிமீற்றர்தான். இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு சக்கர நாற்காலி அளவுக்குள் அடங்குகிறது. நான் எடுத்தது அதுதான், பழையது, இவர் குரொய்டன் வரைக்கும் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அகலம்தான் பிரச்சினை என்றால் முன்பின்னாக இருக்கிறதை வாங்கலாமே" என்பீர்கள். லிஃப்டின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். அந்த வகை நீளம். வண்டி உள்ளே போய், கைபிடிக்குப் பின்னால் நீங்களும் நின்று, கதவு மூட வேண்டும். எங்கள் பழைய லிஃப்டில் மூடவில்லை, மச்சாளின் சிநேகிதி ஒருவரின் வண்டியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். இன்னொரு குறையும் உண்டு. நடைபாதையில் ஏறும்போது கைபிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். முன்னால் 12 கிலோப் பிள்ளை இருந்தால் அந்தப் பாரம் முழுக்க உங்கள் கையிலும் வயிற்றிலும் வரும். சிசேரியன் வயிற்றுக்கு அது ஆகாது. சில வண்டிகளில் இரண்டாவது இருக்கை மேல் இருக்கைக்குக் கீழே இருக்கும், அங்கே இருக்கிற பிள்ளைக்கு முன்னால் இருப்பவரின் முதுகுச் சீலைதான் காட்சி. மூத்தவன் அதற்குள் இருக்க ஒப்புவானா என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் முன்பின் வண்டி வைத்திருக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். ஒடுங்கின கடைகளுக்குள் அதுதான் போகும், அரிசி மூட்டை அடுக்கின எங்கள் தமிழ்க் கடைகளுக்குள் என் வண்டிக்குத் திரும்ப இடம் இல்லை. மூத்த பிள்ளை கைநீட்டிச் சின்னதின் முகத்தில் பிறாண்டுகிற வயதென்றால், இரண்டு பேரும் தள்ளி இருப்பது நிம்மதி. பக்கம்பக்க வண்டியில் பாரம் கூடிய பக்கத்துக்கு வண்டி இழுக்கும், முதல் மாதங்களில் என் வலது கை நொந்தது உண்மை. அவ்வளவையும் வைத்துப் பார்த்தும், கைக்குழந்தையும் ஒன்றரை வயதும் என்றால், ஒடுங்கின பக்கம்பக்க வண்டி என்றுதான் சொல்லுவேன். இரண்டு முகமும் ஒரே பார்வையில் தெரியும்.

கைக்குழந்தைக்கு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தானாக இருக்கத் தெரியுமட்டும் பிள்ளை முதுகு நேராக மல்லாந்து படுக்க வேண்டும், என்.எச்.எஸ். அப்படித்தான் சொல்கிறது. இருக்கை முழுவதும் சாய்கிறதா, அல்லது படுக்கைத் தொட்டி ஒன்றைப் பூட்டலாமா என்று பாருங்கள். விலை குறைந்த, குடை மாதிரி மடிக்கிற இரட்டை வண்டிகள் பலவற்றில் இருக்கை பாதிதான் சாயும், அவை ஆறு மாதத்துக்குப் பிறகுதான். கோடையில் நாவூறு படும் என்று எங்கள் ஆக்கள் வண்டியைத் துணியால் மூடுவார்கள். வேண்டாம். மெல்லிய துணியென்றாலும் உள்ளே வெப்பம் ஏறும், காற்று ஓடாது. கறுத்தப் பொட்டு வையுங்கள், மேலே சீலை போடாதீர்கள்.

பஸ். லண்டன் பஸ்ஸில் பகி நிற்கிற இடம் சக்கர நாற்காலிக்கு ஒதுக்கின இடம். 2000ஆம் ஆண்டுச் சட்டவிதிப்படி அந்த இடம் குறைந்தது 130 சென்ரிமீற்றர் நீளம், 75 சென்ரிமீற்றர் அகலம். 76 வண்டி அங்கே நின்றால் பஸ்ஸுக்குள் ஆக்கள் நடக்கிற வழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், 63 வண்டி அடங்கும். ஏற்றுகிறதா இல்லையா என்பது சாரதியையும் கூட்டத்தையும் பொறுத்தது. ஆனால் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் இடம் அவருக்குத்தான். இதில் வாதாடுகிற தாய்மார் இருக்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. 2012இல் வெதர்பியில் இருந்து லீட்ஸ் போக நின்ற டக் போலி (Doug Paulley) என்ற சக்கர நாற்காலிக்காரரை, நித்திரைப் பிள்ளையோடு பகி வைத்திருந்த தாய் விலக மறுத்ததால், பஸ்ஸில் ஏற்ற முடியாமல் போனது. அவர் வழக்குப் போட்டார், 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நியாயம் இல்லாமல் ஒருவர் மறுத்தால் சாரதி ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடக்கூடாது, இன்னும் முயற்சி எடுக்க வேண்டும் என்று சொன்னது. எனக்கும் சின்னவளின் எட்டாம் கிழமை ஊசிக்குப் போகும் வழியில் அப்படி வந்தது. இறங்கி, மிச்சத் தூரத்தை மழையில் தள்ளிக்கொண்டே போனேன். இறங்கும்போது ஒருவர் "ரெண்டு பிள்ளையோட பஸ்ஸில ஏன் வாறீங்கள்?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த நாற்காலிக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், கேட்க வேண்டியவர் அவர் இல்லை. இரட்டை வண்டியை இரண்டு பிள்ளைகளோடு தனியாக பஸ்ஸுக்குள் மடிக்க முடியாது, அதனால் ஊசி, டொக்டர் என்றால் இறங்கி நடக்கிற நேரத்தையும் சேர்த்தே வெளிக்கிடுங்கள். எஸ்கலேட்டரில் வண்டியோடு ஏறவே வேண்டாம், லிஃப்ட் உள்ள ஸ்டேஷனை முதலே பார்த்து வையுங்கள்.

பழைய வண்டி வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எடுக்கப் போகும்போது மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் இருத்தித் தள்ளிப் பாருங்கள். பிரேக்கைப் போட்டுச் சரிவில் விட்டுப் பாருங்கள். இரண்டு இருக்கையிலும் தோள், இடுப்பு, கால் நடு எல்லாம் பிடிக்கிற ஐந்து முனைப் பட்டி இருக்க வேண்டும். பிள்ளை வண்டிகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான ஈ.என். 1888 (EN 1888) என்ற முத்திரையைத் தேடுங்கள், எத்தனை கிலோ தாங்கும் என்பதும் ஒட்டியிருக்கும். 15 கிலோ என்று எழுதியிருந்தால் மூத்தவனுக்கு அது கன காலம் வராது, 22 கிலோ வரை தாங்குகிறவை உண்டு. காற்றடிக்கிற சக்கரம் என்றால் சைக்கிள் பம்ப் ஒன்று வீட்டில் வேண்டும். மடிக்கிற மூட்டுகளைக் கவனியுங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் கம்பனி சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, மடிப்பு மூட்டில் அகப்பட்டு 12 பிள்ளைகளின் விரல்நுனி துண்டாகியிருந்தது. விரிக்கும்போதும் மடக்கும்போதும் மூத்தவன் கிட்ட நிற்கக்கூடாது. கைபிடியில் அரிசிப் பை தொங்கவிடாதீர்கள், பிள்ளையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் விழும்.

மாமியாரோ வேறு யாரோ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்களோடு வாதாடிக் களைக்காதீர்கள். சிசேரியன் என்று நாள் குறித்திருந்தால், ஆஸ்பத்திரி தருகிற அறிவுரைத் தாளைக் கணவரிடம் கொடுத்து அவரையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசல் கதவு, அறைக் கதவு, லிஃப்ட் கதவு, லிஃப்டின் ஆழம், இந்த நாலு அளவையும் கீழே எழுதுங்கள். எது அடங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.