வெறும் சர்க்கரையா?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்தபோது, பகோலோட் ஊர்க்காரரான பிலிப்பினோ சமையற்காரர் லீவு முடிந்து வரும்போதெல்லாம் பியாயா கொண்டுவருவார். மாவுக்குள்ளே வெறும் சர்க்கரைதான். ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகும் நாக்கு அதையே கேட்கிறது. மனைவியிடம் சொன்னால், "போளி போட்டுத் தர்றேன், பேசாம இருங்க" என்கிறார். பியாயா எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: போளி போட்டுத் தருகிறேன் என்று மனைவி சொல்லியும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற தைரியம் உங்களுக்கு மட்டும்தான் வரும். முதலில் அந்தப் போளியைச் சாப்பிடுங்கள். மீந்தால் அலுவலக முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பருப்பா, தேங்காயா என்பதில் இந்தப் பத்திரிகைக்குக் கட்சி கிடையாது. உதவி ஆசிரியர் மட்டும் தீவிரத் தேங்காய். போன தீபாவளியிலிருந்து அவரும் அச்சுக்கோப்புப் பிரிவும் இது விஷயமாகப் பேசிக்கொள்வதில்லை.

அது இருக்கட்டும். "வெறும் சர்க்கரை" என்றீர்களே, அதை விட மனசில்லை. பியாயாவுக்குள் இருப்பது மஸ்கவாடோ. மொலாசஸ் என்ற வெல்லப்பாகைப் பிரித்தெடுக்காத பழுப்புச் சர்க்கரை, நம் நாட்டுச் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைக் கோதுமை மாவில் பொதிந்து, தட்டையாகத் தேய்த்து, எள் தூவிக் கல்லில் சுடுவார்கள்.

உங்கள் நண்பரின் பகோலோட் இருப்பது நெக்ரோஸ் தீவில். அது கரும்புத் தீவானதில் நிக்கலஸ் லோனி என்ற ஆங்கிலேயருக்குப் பெரும்பங்கு. 1856-இல் பிரிட்டிஷ் துணைத் தூதராக எதிர்க்கரை இலோயிலோவுக்கு வந்தார். இலோயிலோ அப்போது நெசவுக்குப் பேர்போன ஊர். லோனி மலிவான மான்செஸ்டர் துணியை இறக்கினார், தறிகள் ஓய்ந்தன. துணி கொண்டுவந்த கப்பல் காலியாகத் திரும்பலாமா? சர்க்கரை ஏற்றினார். நெக்ரோஸ் நிலக்காரர்களுக்குக் கடன் கொடுத்து, கரும்பாலை இயந்திரங்களும் தருவித்துக் கொடுத்தார். இலோயிலோ துறைமுகக் கரைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

"வெள்ளைக்காரன் வராவிட்டால் ரயில் ஏது?" என்று மாதம் தவறாமல் எழுதும் கும்பகோணத்து அன்பர் இந்த இடத்தில் துள்ளிக் குதிப்பார். "பார்த்தீர்களா, பியாயாவும் அவன் புண்ணியம்தான்!" எங்கள் வழக்கு பழையது, வாசகர்களுக்குத் தெரியும். ஐயா, அந்தத் தறிக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? அதோடு முடியவும் இல்லை. 1980-களில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தது. பிலிப்பைன்ஸின் சர்க்கரை வணிகமோ அன்றைய அதிபர் மார்க்கோஸின் நண்பர் ரொபெர்த்தோ பெனெடிக்தோ பிடியில் இருந்தது. தோட்டங்கள் வேலையை நிறுத்தின. ஒரே பயிரை நம்பியிருந்த தீவில் கூலிக்காரர்கள் பட்டினி கிடந்தார்கள், குழந்தைகள் எலும்பும் தோலுமாயின. அங்கே போய் "வெறும் சர்க்கரை" என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, கிடைக்கும் இடம். தூத்துக்குடிக்காரருக்குச் சிங்கப்பூரில் ஒரு மைத்துனராவது இல்லாமலா போவார்? ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவுக்கு அவரை அனுப்புங்கள். பிலிப்பினோக்கள் கூடும் இடம், அவர்கள் ஊர்ப் பண்டம் விற்கும் கடைகள் உள்ளேயே உண்டு. ஊதா நிறத்தில் ஊபேக் கிழங்கு வைத்தது, மாம்பழம் வைத்தது என்று இப்போது என்னென்னவோ வருகிறது. அதையெல்லாம் வாங்கி வந்தால் மைத்துனர் உறவையே மறுபரிசீலனை செய்யலாம். பாக்கெட் வந்ததும் தோசைக்கல்லில் லேசாகச் சூடு காட்டுங்கள். உடனே கடித்துவிடாதீர்கள், உள்ளே இளகிய பாகு உதட்டைப் பொசுக்கிவிடும்.