டட்சன் 1200-க்கு 15 இன்ச் மேக் (அலாய்) வீல் போட்டதால இன்சூரன்ஸ் கிளெயிம் போயிடுமா?

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்பா விட்டுட்டுப் போன பழைய வண்டி டட்சன் 1200, அதோட 12 இன்ச் வீலைக் கழட்டிட்டு 195/50 டயரோட 15 இன்ச் மேக் போட்டிருக்கார். ஹிகின்சன் ஹைவேல ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) சிகப்புக்கு நின்னுட்டிருந்தப்ப பின்னாடி ஒரு பக்கி (பிக்கப் வண்டி) வந்து இடிச்சிடுச்சு. இன்சூரன்ஸ்காரங்க, வீல் மாத்தினதைச் சொல்லல, முன் டயர் மட்கார்டுல உரசுதுன்னு கிளெயிமை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாம்.

தம்பி, பெரிய வீல் போட்டதே குத்தம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1996 ரோடு டிராஃபிக் சட்டமும் அதுக்குக் கீழ வந்த 2000 ரெகுலேஷன்களும் கேக்கறது வண்டி ரோடுவொர்த்தியா, அதாவது ரோட்டுல ஓட்டத் தகுதியா இருக்கான்னு. டயரோட ட்ரெட் (மேல இருக்கிற வெட்டுப் பள்ளம்) 1 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கணும், உள்ள இருக்கிற நூல் வெளிய தெரியக்கூடாது, டயர் பாடில இடிச்சு சுத்த முடியாம போகக்கூடாது. உங்க விஷயத்துல இந்த உரசல்தான் இடிக்குது, அதை மறைக்காதீங்க, சேதத்தைப் பாக்க இன்சூரன்ஸ்காரங்க அனுப்பற அசெசர் போட்டோ எடுத்து வச்சிருப்பார். ஸ்பீடோமீட்டரையும் கவனிங்க, பழைய 155 டயர் விட்டம் சுமார் 553 மில்லிமீட்டர், புதுசு 576, அதனால முள்ளு 120 காட்டறப்ப நீங்க நிஜமா 125 போயிட்டிருப்பீங்க, கேமரால மாட்டினா முள்ளைக் காட்டித் தப்பிக்க முடியாது.

சரி, கிளெயிம். பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே வீல் மாத்தியிருந்தீங்களா, அப்புறமாவான்னு நீங்க எழுதல, எல்லாமே அதுலதான் இருக்கு. முன்னாடின்னா, 1998 ஷார்ட் டெர்ம் இன்சூரன்ஸ் சட்டம் 53-வது பிரிவுப்படி, சொல்லாம விட்ட விஷயம் ரிஸ்க்கைக் கணக்குப் போடறதை நிஜமா பாதிச்சிருக்கும்னாதான் அவங்க கை கழுவ முடியும். இந்த வீலோட பாலிசி கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, பிரீமியம் எவ்வளவு ஏத்தியிருப்பீங்கன்னு எழுத்துல கேளுங்க. அப்புறமா மாத்தியிருந்தீங்கன்னா பாலிசில மாடிஃபிகேஷன் பத்தி என்ன வார்த்தை போட்டிருக்குன்னு பாருங்க, மாடிஃபிகேஷன் இருந்தா பணம் தரமாட்டோம்னு விலக்கு போட்டிருந்தா, அது உங்களுக்குப் பொருந்தும்னு காட்ட வேண்டியது அவங்க பொறுப்பு. நின்ன வண்டியைப் பின்னாடி இடிச்சதுக்கும் முன் டயருக்கும் என்னய்யா சம்பந்தம்? இதை நல்லா அழுத்தி எழுதுங்க. ரிஜெக்ஷன் லெட்டர் வந்ததிலேர்ந்து 90 நாளுக்குள்ள இன்சூரன்ஸ்காரங்களுக்கே ஆட்சேபம் எழுதலாம், கேஸ் போட அந்த 90 நாள் முடிஞ்சதுக்கப்புறம் குறைஞ்சது 6 மாசம் உண்டு. நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் ஸ்கீம்ல (இன்சூரன்ஸ் மாதிரி விஷயத்துக்கான குறைதீர்ப்பு அமைப்பு) புகார் கொடுக்க பைசா செலவில்ல.

நான் உங்க இடத்துல இருந்தா இதோட நிக்க மாட்டேன், பக்கிக்காரர் மேலயும் போவேன். அவர்கிட்ட நஷ்டஈடு கேக்க உங்க பாலிசியே தேவையில்ல, பொதுவா 3 வருஷம் டைம் இருக்கு. ரிப்பேர் 20,000 ரேண்டுக்குள்ள முடிஞ்சா ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட், அங்க வக்கீலே உள்ள வரக்கூடாது, நீங்களே பேசிக்கலாம். போலீஸ் ஆக்சிடென்ட் ரிப்போர்ட், பாடி ரிப்பேர் பண்ற ரெண்டு பேனல் பீட்டர்கிட்ட வாங்கின கொட்டேஷன், போட்டோ, சாட்சி நம்பர் இருந்தா போதும்.

வீல் போட்ட கடைல மட்கார்டை மடிச்சு பெயின்ட் வெடிச்சிருக்குன்னும் எழுதியிருக்கீங்க. கன்ஸ்யூமர் புரொடெக்ஷன் சட்டம் 54-வது பிரிவைச் சொல்லி சரி பண்ணித் தரச் சொல்லுங்க, கேக்கலன்னா மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) கிட்ட போங்க. உரசின அந்த டயரை மட்டும் கேஸ் முடியற வரைக்கும் தூக்கிப் போட்டுடாதீங்க, அப்பாவோட 12 இன்ச் செட்டும் பத்திரமா இருக்கட்டும்.