பிளாக்கைத் திருத்தினேன், 140 வால்வும் நகர்ந்துவிட்டன

கேள்வி: ஆட்டோகேட் (கணினியில் வரையும் மென்பொருள்) வரைபடம் ஒன்றில் வால்வு சின்னத்தை பிளாக்காக, அதாவது ஒருமுறை வரைந்து பெயரிட்டுப் பல இடங்களில் வைக்கும் சின்னமாக, 140 இடங்களில் வைத்திருக்கிறேன். ஒன்றை எக்ஸ்ப்ளோடு செய்து (தனித்தனிக் கோடுகளாகப் பிரித்து), திருத்தி, அதே பெயரில் மறுபடி பிளாக் ஆக்கினேன். எல்லாம் குழாயை விட்டு விலகிவிட்டன. சில பக்கவாட்டில், சில மேலே. ஒவ்வொன்றாக நகர்த்தத்தான் வேண்டுமா?

பதில்: ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். அவை நகரவே இல்லை. சந்தேகமிருந்தால் ஒரு வால்வைச் சொடுக்கிப் பாருங்கள். அதன் இருப்பிடத்தைக் காட்டும் நீலக் கட்டம் இன்னும் குழாய் மேலேயேதான் இருக்கும்.

ஒவ்வொரு வால்வுக்கும் வரைபடம் குறித்து வைப்பது எங்கே, எந்தக் கோணத்தில், எந்த அளவில் என்பதை மட்டுமே. கோடுகள் ஒரே ஓர் இடத்தில், பிளாக்கின் வரையறையில் இருக்கின்றன. அந்தக் கோடுகளைக் குழாயோடு சேர்த்து அடித்த ஆணிதான் பேஸ் பாயிண்ட். நீங்கள் ஆணியை வேறு இடத்தில் அடித்துவிட்டீர்கள். 90 டிகிரி திரும்பியிருந்த வால்வு அதன் திசையில் விலகும். அதனால்தான் சில மேலே போயின. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூவ் கட்டளையில் இழுத்துவிட முடியாததும் இதனால்தான்.

சரி, தீர்வு. பிளாக்கின் வரையறையைத் திருத்தும் பிஎடிட் (BEDIT) கட்டளையில் பிளாக்கைத் திறங்கள். அங்கே 0,0 என்ற புள்ளிதான் பேஸ் பாயிண்ட். எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து, குழாய் மேல் உட்கார வேண்டிய புள்ளியைப் பிடித்து 0,0-க்கு நகர்த்துங்கள். டைனமிக் இன்புட் (கர்சர் அருகிலேயே எண்களை அடிக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் #0,0 என்று அடியுங்கள். வெறும் 0,0 அடித்தால் 'இருக்கும் இடத்திலிருந்து 0 தூரம்' என்று எடுத்துக்கொண்டு சின்னம் அசையாது. சேமித்து மூடியதும் வால்வுகள் திரும்பிவிடும். நீங்கள் எக்ஸ்ப்ளோடு செய்து மறுபடி பிளாக் ஆக்கிய அந்த ஒன்றும், பொறுமையிழந்து கையால் நகர்த்தியவையும் மட்டும் இப்போது தவறான இடத்தில் நிற்கும்.

இனி எக்ஸ்ப்ளோடு பக்கமே போகாதீர்கள், முதலிலிருந்தே பிஎடிட். பிளாக் கட்டளையின் பெட்டியில் புள்ளியைக் காட்ட மறந்தால் அது பாட்டுக்கு 0,0,0 என்று வைத்துக்கொள்ளும். 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்கும் மென்பொருளுக்கு, 'பேஸ் பாயிண்ட் மாறியிருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? எத்தனையோ பதிப்புகள் வந்தாயிற்று, பொத்தான்களின் நிறம்தான் மாறுகிறது.

சின்னத் தொகுப்பு விற்பவர்களிடம் இன்னும் கவனம். ஆயிரக்கணக்கில் சின்னம் என்பார்கள். திறந்தால் பாதியில் பேஸ் பாயிண்ட் சின்னத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும். அங்குலத்தில் வரைந்தவையும் மில்லிமீட்டரில் வரைந்தவையும் கலந்து கிடக்கும், 25.4 மடங்கு வித்தியாசத்தில். இன்னொரு ஏமாற்றமும் உண்டு. அவர்கள் தரும் புதிய வால்வை நகலெடுத்து ஒட்டும்போது உங்கள் வரைபடத்தில் அதே பெயரில் பிளாக் இருந்தால், உங்கள் பழையதுதான் வந்து விழும். 'ஒரே சொடுக்கில் எல்லாம் மாறும்' என்று யாரோ அனுப்பும் லிஸ்ப் கோப்பையும் (ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல்) ஏற்றாதீர்கள். அந்த வழியாகப் பரவும் வைரஸ்கள் உண்டு. 2014 பதிப்பிலிருந்து நம்பகமில்லாத இடத்திலிருந்து நிரல் ஏறினால் எச்சரிக்கை வருகிறது. அதைப் படிக்காமலே சரி என்று அழுத்துகிறவர்களை என்ன செய்வது?

ஒரே ஒரு விலக்கு, அதைப் பொறுமையாகக் கேளுங்கள். வால்வு எண் போன்ற எழுத்துகளை அட்ரிபியூட்டாக, அதாவது ஒவ்வொரு வால்விலும் வேறு மதிப்பு எழுதக்கூடிய எழுத்தாக, வைத்திருந்தால், பிஎடிட்டில் அவற்றைத் திருத்தியபின் கோடுகள் எங்கும் மாறும், எழுத்துகள் பழையபடியே நிற்கும். அவற்றையும் மாற்ற ஆட்சிங்க் (ATTSYNC) கட்டளை வேண்டும். அதை ஓட்டினால் வால்வு நகராது, ஆனால் கோட்டின் மேல் விழுகிறதே என்று நீங்கள் கையால் தள்ளி வைத்த எண்களெல்லாம் வரையறையில் உள்ள இடத்துக்கே ஓடிவிடும். எண்ணின் மதிப்பு போகாது. அட்ரிபியூட்டின் டேகை (அதன் அடையாளப் பெயரை) மாற்றினால் மட்டும் மதிப்பும் போய்விடும், 140 எண்களையும் மறுபடி அடிக்க வேண்டிவரும். ஆகவே டேகைத் தொடாதீர்கள். எழுத்தில் எதையும் மாற்றவில்லையென்றால் ஆட்சிங்க்கே தேவையில்லை. மாற்றியிருந்தால், முதலில் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.