சாவியை யாரிடம் கொடுத்து வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்துவது குறித்தும், அதில் அக்கம்பக்கத்தாரின் பங்கு குறித்தும் வந்த கடிதங்களுள் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு சக்கர நாற்காலியில் தானே ஏறி இறங்குகிறான். தென்காசியில் ஒரு கடையில் கணினி வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே அறை எடுத்துத் தனியாக இருக்கப்போகிறேன் என்கிறான். பெற்றவளே கைகழுவிவிட்டாள் என்று ஊர் பேசாதா? ராத்திரியில் ஏதாவது ஒன்று என்றால் யார் பார்ப்பார்கள்? — ஒரு தாய், கடையநல்லூர் அருகே

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் இருக்கின்றன, அம்மா. ஊர்ப்பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. மகனை வீட்டோடு வைத்துக்கொண்டாலும் ஊர் வேறொன்றைப் பேசத்தான் போகிறது. இரண்டாவது அச்சம் நியாயமானது, அதற்கு வழியும் உண்டு.

முதலில் ஒன்று. தனியாக வாழ்வது வேறு, சுயமாக வாழ்வது வேறு. எத்தனை மணிக்கு எழுவது, எதைச் சாப்பிடுவது, யாரை வீட்டுக்குள் விடுவது, சம்பளத்தை எதற்குச் செலவிடுவது என்பதையெல்லாம் தானே முடிவு செய்பவர், அவற்றை நிறைவேற்றப் பிறருடைய கை எவ்வளவு தேவைப்பட்டாலும், சுயமாக வாழ்பவர்தான். கைகால் நன்றாக உள்ள நாம் மட்டும் நம் துணியை நாமே நெய்து, நம் நெல்லை நாமே குத்தியா வாழ்கிறோம்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல் தம் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பிறர் உதவியில்லாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத ஒருவர் ஒரு நிறுவனத்தையே நடத்தியிருக்கிறார் என்றால், தண்ணீர் கொடுக்கும் கை ஒருவருடையதாகவும், என்ன செய்வது என்ற தீர்மானம் இன்னொருவருடையதாகவும் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. விருதைவிட இந்த ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இனி ராத்திரி விஷயம். கைகளில் வலு இருப்பதால் உங்கள் மகனால் படுக்கையில் தானே புரண்டு படுக்க முடியும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வப்போது கைகளை ஊன்றி உடலை உயர்த்தவும், சிறுநீர்க் குழாயைத் தானே போட்டு எடுக்கவும் பயிற்சியில் கற்றுக்கொண்டிருப்பார். உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் வலியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், தினமும் குளித்தவுடன் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பிட்டத்தையும் குதிகாலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் சிவந்து, அந்தச் சிவப்பு மறையாமலே இருந்தால், அந்த இடத்தில் பாரம் படாமல் படுத்திருந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். குளிர்சுரத்தோடு சிறுநீர் கலங்கினால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. இவற்றை அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று ஒரு மாதம் உங்கள் வீட்டிலேயே, நீங்கள் கை கொடுக்காமல், பாருங்கள். ராத்திரிக்கு அதைவிடப் பெரிய காவல் நீங்களும் அல்ல.

அறை பார்க்கும்போது வாடகையைப் பேசுவதற்கு முன் கழிப்பறைக் கதவை அளந்துவிடுங்கள். வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரை அடிதான் இருக்கும். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய மூன்று அடி வேண்டும். அடுத்து ஆட்கள். மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டிலோ வீட்டுக்காரரிடமோ இருக்கட்டும். காலையில் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்காரரிடம், எட்டு மணிக்கு மேலும் அவரைக் காணவில்லை என்றால் கதவைத் தட்டச் சொல்லிவையுங்கள். மழைநாளில் கூப்பிட்டவுடன் வரக்கூடிய ஆட்டோக்காரர் ஒருவர் வேண்டும். துணி துவைக்கவும் வீடு பெருக்கவும் வருபவருக்குச் சம்பளம் கொடுத்துவிடுவதே நல்லது. இலவசமாகச் செய்பவரிடம் ‘ஏன் நேற்று வரவில்லை’ என்று கேட்க முடியாது. சம்பளம் வாங்குபவரிடம் கேட்கலாம். இந்த ஏற்பாடுகளையெல்லாம் உங்கள் மகனே பேசி முடிக்க வேண்டும். நீங்கள் பேசினால் அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்லும் ஆட்களாகிவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள்: அவர் அறைக்குப் போகும்போது முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயிலில் மூன்று படிகள். போலியோவால் பாதிக்கப்பட்ட என் மனைவி இப்போது சக்கர நாற்காலிக்கு மாறியிருக்கிறார். சாய்தளம் கேட்டால், ‘நாலு பேர் இருக்கிறோமே, தூக்கி விடமாட்டோமா’ என்கிறார் சங்கச் செயலாளர். — ஒரு வாசகர், சென்னை

பதில்: அவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். என் அண்ணனையும் இப்படி நாலு பேர் தூக்கியிருக்கிறார்கள். ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிப்பதற்குப் பதிலாக, கழன்று வரக்கூடிய கால்தாங்கியை ஒருவர் பிடித்துத் தூக்க, அண்ணன் முன்புறமாகச் சரிந்து பட்டு வேட்டியோடு தரையில் விழுந்தார். அடி பெரிதில்லை. அதன்பிறகு எட்டு ஆண்டுகள் அவர் எந்தத் திருமணத்துக்கும் வரவில்லை. தூக்குவதற்கு நாலு பேர் இருப்பது உதவிதான். ஆனால் வெளியே போவதா வேண்டாமா என்பதை அந்த நாலு பேரின் ஓய்வு நேரம் தீர்மானிக்கிறது. சாய்தளம் யாரையும் எதிர்பார்ப்பதில்லை.

கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. படி ஒன்றுக்கு 7 அங்குலம் என்றால் மூன்று படிக்கு 21 அங்குலம். ஆகவே சரிவு மட்டும் 21 அடி, மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்பச் சமதளமும் வேண்டும். இடம் போதாது என்று இதைப் பத்து அடியில் செங்குத்தாகக் கட்டினால் அது சாய்தளமல்ல, சறுக்குமரம். நேர்கோட்டில் இடமில்லை என்றால் சுவரோரமாக மடித்துத் திருப்பிக் கட்டலாம். வாகன நிறுத்துமிடத்தில் சிறிது போகும், போகட்டும். ஒரு கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் அவசியம். மழைக்காலத்தில் வழவழப்பான கல் ஆளைக் கொல்லும்.

எழுத்து மூலம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ள மாநில ஆணையரிடம் முறையிடலாம். அதற்கு முன், அந்தக் கட்டடத்தில் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களையும் மூட்டுவலிக்காரர்களையும் எரிவாயு உருளை கொண்டுவருபவரையும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மை தானாக வந்துவிடும். கட்டிய பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்ல 2022 நவம்பர் இறுதியில் திறந்த 263 மீட்டர் மரப்பாதையை இரண்டு வாரத்துக்குள் வந்த மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது நினைவிருக்கலாம். பிறகு அதைச் சீரமைத்தார்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. மனவளர்ச்சி குன்றிய என் மகளுக்கு 31. எங்களுக்குப் பிறகு அவளை யார் பார்ப்பது என்ற ஒரே கேள்வியில் தூக்கம் போய்விட்டது. வெளியூரில் உள்ள ஒரு விடுதி பெரிய தொகையை முன்பணமாகக் கேட்கிறது. கட்டிவிடலாமா? — ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, உடனே கட்டிவிடாதீர்கள். எல்லா விடுதிகளும் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் குடும்பத்தார் நம்பித்தான் அங்கே விட்டுப்போனார்கள். ஊரும் உறவும் எட்டிப்பார்க்காத இடத்தில் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது என்பதே அந்தத் தீ காட்டிய உண்மை. தஞ்சாவூரில் உங்கள் மகளைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வெளியூர் விடுதியில் அந்த எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் வாழ வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தப்படாமல் இருக்கவும், தனிநபர் உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்கவும் அரசு முயல வேண்டும் என்கிறது. ‘முயல வேண்டும்’ என்ற சொல்லில் வலு குறைவுதான். அந்தக் குறையை மறைப்பதற்கில்லை.

செய்ய வேண்டியவற்றுள் ஒன்று எழுத்து வேலை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் நிலைக் குழு, 18 வயது கடந்த உங்கள் மகளுக்குக் காப்பாளரை நியமிக்கும். காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் பிறகு யார் என்பதை இப்போதே யோசித்து, அந்த நபரின் சம்மதத்தையும் கேட்டு வையுங்கள். தமிழக அரசின் மாதம் ₹2,000 பராமரிப்பு உதவித்தொகையை இதுவரை வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

இன்னொரு வேலை எழுத்தில் இல்லாதது, அதுவே முக்கியமானது. நாளை காலை பால் வாங்க நீங்கள் போகாதீர்கள், மகளை அனுப்புங்கள். முதல் வாரம் பின்னாலேயே நடந்து போங்கள், அடுத்த வாரம் தெருமுனையில் நில்லுங்கள், அதற்கடுத்த வாரம் வாசலில் நில்லுங்கள். சில்லறையை எண்ணத் தெரியாவிட்டால் சரியான தொகையைச் சிறிய பையில் போட்டுக் கொடுங்கள். இப்படிப் பால்காரர், பூக்காரர், மருந்துக்கடைக்காரர், கோயில் குருக்கள் என்று பத்துப் பேருக்கு அவளை ‘வாத்தியார் மகள்’ என்றில்லாமல் அவள் பெயராலேயே தெரிய வேண்டும். நீங்கள் இல்லாத ஒரு நாளில் அவள் முகம் வாடியிருந்தால் ஏன் என்று கேட்கப்போவது அந்தப் பத்துப் பேர்தான்.

சேர்ந்து குடியிருப்பதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தி பேனியன் அமைப்பு, மனநோயால் நெடுங்காலம் காப்பகத்தில் இருந்த பெண்களுக்காக 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஏற்பாட்டை நடத்திவருகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். உதவியாளர் உடன் இருப்பார். சமையலும் சந்தையும் அண்டை வீட்டுப் பேச்சும் அவர்களுடையவை. உங்கள் மகளின் நிலை வேறு என்றாலும் அமைப்பு பொருந்தும். உங்கள் ஊரிலேயே உங்களைப் போலத் தூக்கம் இழந்த பெற்றோர் நான்கைந்து குடும்பத்தார் இருப்பார்கள். விடுதிக்குக் கட்டும் முன்பணத்தை அவர்களோடு சேர்த்து ஒரு வீட்டுக்குப் போட முடியுமா என்று பேசிப்பாருங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே வாரத்தில் இரண்டு நாள் அங்கே தங்கிப் பழகட்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் பார்வையற்ற ஒருவர் தனியாக இருக்கிறார். சாலையைக் கடக்கக் கையைப் பிடித்தால் உதறிவிடுகிறார். உதவி செய்வது தவறா? — கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கையைத் திடீரென்று பற்றி இழுத்தால் நீங்களும் உதறுவீர்கள். முதலில் பெயரைச் சொல்லி, வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போய்விடுங்கள். வேண்டும் என்றால் அவரைப் பிடிக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, அரையடி முன்னால் நடங்கள். பள்ளம் வந்தால் ‘பார்த்து’ என்று சொல்லாதீர்கள். ‘ஒரு படி கீழே’ என்று சொல்லுங்கள். உங்கள் வண்டியை நடைபாதையில் நிறுத்தாமல் இருந்தால், கேட்காமலே செய்த உதவியாக அது இருக்கும்.

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவன். ஊர் சார்பில் ஆண்டுக்கொரு முறை சக்கர நாற்காலி, வேட்டி சேலை வழங்குகிறோம். இதற்கு மேல் என்ன செய்யலாம்? — ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மேடையில் வழங்கிய நாற்காலிகளில் எத்தனை இன்றும் ஓடுகின்றன என்று ஒரு நாள் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். காற்றுப்போன சக்கரத்தோடு மூலையில் கிடப்பவற்றை ஊரிலுள்ள மிதிவண்டிக் கடைக்காரரே சரிசெய்துவிடுவார். அந்தக் கூலியை ஊர் கொடுக்கலாம்.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, பிறகு மலப்புறம் முழுதும் பரவிய வலிநிவாரண இயக்கம், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் பொறுப்பை அக்கம்பக்கத்துத் தொண்டர்களிடம் முறையாக ஒப்படைத்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் அதில் பயன்பெற்றார்கள். செவிலியர் வருவது எப்போதோ ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பது தினமும் என்ற எளிய கணக்குதான் அதன் அடிப்படை. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நாளில் பயிற்சியைக் கற்றுக்கொண்டு மற்ற நாள்களில் செய்துவிட, தெருவுக்கு இரண்டு இளைஞர்களைப் பழக்க முடியுமா என்று பாருங்கள்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தங்கள், ஊராட்சிகள் உள்பட உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழிசெய்கின்றன. இனி அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்களும் நானும் ஊகிக்க வேண்டியதில்லை. அவர்களே கூட்டத்தில் சொல்வார்கள், உள்ளே வர முடிந்தால். உங்கள் ஊரில் கிராம சபை எங்கே கூடுகிறது? சமுதாயக் கூடத்தில் என்றால், அதன் வாசலில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.