மூல அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலியும் கசிவும்

கேள்வி: எனக்கு வயது 43. மூலத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்து 9 நாட்கள் ஆகின்றன. தையல் போடாமல் புண்ணைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். மலம் கழித்த பின் ஒரு மணி நேரத்துக்கு வலி உயிர் போகிறது; அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன். உள்ளாடையில் மஞ்சளாகக் கசிவு படிகிறது. கிருமிநாசினி கலந்த நீரில் உட்காரலாமா? புண் சீக்கிரம் ஆற என்ன வழி?

பதில்: முதலில் வயிறாரச் சாப்பிடத் தொடங்குங்கள். உணவு குறைந்தால் மலம் குறையும் என்பது சரிதான். ஆனால் அந்தக் கொஞ்சமும் குடலில் தங்கி, நீர் வற்றிக் கெட்டியாகி, வெளியேறும்போது ஆறிவரும் புண்ணை உரசிக் கிழிக்கும். நார்ச்சத்துள்ள உணவும் போதிய நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மலத்தை இளக்க இசப்கோல் உமியோ லாக்டுலோஸ் மருந்தோ தந்திருந்தால், ஒருநாள் இளகிப் போய்விட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மலம் பற்பசையைப் போல மென்மையாக இருக்க வேண்டும். நீராகப் போனால் மருந்தின் அளவைக் குறைக்கலாம்.

புண்ணைத் திறந்து விட்டதில் தவறேதும் இல்லை. மில்லிகன், மார்கன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 1937-இல் விவரித்த இந்த முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. இத்தகைய புண் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலெழும்பி மூடுவதால் முழுதாக ஆற 4 முதல் 6 வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை மஞ்சள் கசிவு வருவது இயல்பு. அது சீழ் அல்ல. கசிவை ஏந்த மடித்து வைக்கும் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், நீரில் நனைத்து ஊறவிட்டு எடுங்கள்.

நீங்கள் சொல்லும் அந்த ஒரு மணி நேர வலிக்குப் புண் மட்டுமே காரணமன்று. ஆசனவாயின் உட்புறச் சுருக்குத்தசை இறுகிப் பிடித்துக்கொள்வதும் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. வெந்நீரில் உட்காரச் சொல்வது அந்தத் தசை தளர்வதற்காகத்தான். அகலமான தொட்டியில், முழங்கையை வைத்தால் இதமாகத் தெரியும் சூட்டில், மலம் கழித்த ஒவ்வொரு முறையும், அதுபோக நாளுக்கு 2 முறையும், 10 முதல் 15 நிமிடங்கள் உட்காருங்கள். வெறும் நீரே போதும். கிருமிநாசினி புதிதாக வளரும் திசுவை எரிச்சலூட்டும். பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையை நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரண மெத்தையே நல்லது.

பாராசிட்டமாலை வலி வந்தபின் தேடாமல், உங்கள் மருத்துவர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் போடுங்கள். டிரமடால், கோடீன் போன்ற வலுவான வலிநிவாரணிகள் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் அவற்றைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. 2 சதவீத டில்டியாசெம் களிம்பு தசை இறுக்கத்தையும், 10 சதவீத மெட்ரோனிடசோல் களிம்பு வலியையும் குறைக்கக்கூடியவை. இவை உங்களுக்குப் பொருந்துமா என்று அறுவைச் சிகிச்சை செய்தவரிடம் கேளுங்கள். புகைப்பழக்கமோ கட்டுக்கடங்காத சர்க்கரை நோயோ இருந்தால் எந்தக் களிம்பு பூசினாலும் புண் தாமதித்தே ஆறும்.

மலத்தோடு சில துளி இரத்தம் வருவதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் தாமதமாக வரும் பெரிய இரத்தக்கசிவு பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் நேர்வது. நீங்கள் இப்போது அந்தக் காலகட்டத்தில்தான் இருக்கிறீர்கள். கட்டி கட்டியாகவோ நிற்காமலோ இரத்தம் போனாலும், காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போனாலும், மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.