பீட்ரூட் சாறு கலந்த லிப் பாம் ஏன் பூஞ்சை பிடித்தது?

கேள்வி: எனக்கு வயது 24. கோவையில் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் வேலை. உதடு எப்போதும் வறண்டு உரிகிறது. தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, தேன், பீட்ரூட் சாறு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து வீட்டிலேயே லிப் பாம் செய்தேன். தடவினால் எரிகிறது. சில நாட்களில் டப்பாவில் கரும்புள்ளிகளும் வந்துவிட்டன. எந்தெந்தப் பொருளை எவ்வளவு சேர்க்க வேண்டும்?

மருத்துவர் பதில்: முதலில் அந்த டப்பாவைக் குப்பையில் போடுங்கள். புள்ளிகளை மட்டும் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் தடவ வேண்டாம்; அது பெரும்பாலும் பூஞ்சைதான். எண்ணெயும் மெழுகும் மட்டும் இருந்தால் பூஞ்சை எளிதில் வளராது. அதற்குத் தண்ணீர் வேண்டும். பீட்ரூட் சாறாக அந்தத் தண்ணீரை நீங்களே ஊற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். தேனும் எண்ணெயோடு கலக்காது, அடியில் தங்கிவிடும். கற்றாழைச் சாறு, பன்னீர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நிறம் வேண்டுமென்றால், கூந்தல் தைலத்தில் போடுகிற வேம்பாளம்பட்டையை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதன் சிவப்பு எண்ணெயில் இறங்கும்; பீட்ரூட்டின் சிவப்பு இறங்காது.

எரிச்சலுக்கு எலுமிச்சையைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். உதட்டின் மேல்தோல் மிக மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே இல்லை என்றே சொல்லலாம். வெடித்த உதட்டில் அமிலம் பட்டால் எரியாமல் என்ன செய்யும்? எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் கறுக்கவும் கூடும். உதடு சிவக்க வேண்டுமென்று இதைத் தடவச் சொல்பவர்கள் அதை மட்டும் சொல்வதில்லை. இலவங்கப்பட்டை, புதினா எண்ணெய், கற்பூரம் ஆகியவற்றையும் தள்ளியே வையுங்கள். ஜில்லென்றும் சுள்ளென்றும் இருப்பது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் அல்ல, எரிச்சலுக்கு அடையாளம்.

இனி அளவு. தேன்மெழுகு 5 கிராம், தேங்காய் எண்ணெய் 10 கிராம், கோகம் வெண்ணெய் (பால் வெண்ணெய் அல்ல, கோகம் விதையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) 5 கிராம். கோகம் கிடைக்காவிட்டால் ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெய் போதும். கரண்டியால் அளக்காமல் எடை போட்டே எடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும், தேன்மெழுகுக்கு 60 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் ஊர் வெயிலில் லிப் பாமைக் கெட்டியாகப் பிடித்து வைப்பது மெழுகுதான். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் உலர்ந்த கிண்ணத்தை வைத்து, மெழுகை முதலில் உருக்கி, மற்றவற்றைச் சேர்த்து, ஈரமில்லாத சிறு டப்பாவில் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பாருங்கள். கல் போல இறுகினால் எண்ணெயும், வழிந்தால் மெழுகும் கொஞ்சம் கூட்டலாம். தேன்மெழுகே சிலருக்கு ஒவ்வாது. முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு உதட்டுக்குப் போங்கள். இவ்வளவு பாடுபட மனமில்லை என்றால் வாசனை சேர்க்காத வெறும் வாசலினே போதும். ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் அதை மிஞ்சுவது கடினம்.

ஆனால் உதடு ஏன் வறள்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. நாக்கால் அடிக்கடி நனைக்கும் பழக்கம் உண்டா? எச்சில் காயும்போது இருக்கிற ஈரமும் போய்விடும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதைச் சாப்பிடும் எவருக்கும் உதடு உரிவது சகஜம். காரமான வாசனையுள்ள பற்பசையையும் சில வாரம் மாற்றிப் பாருங்கள். வாயோரம் மட்டும் வெடித்துப் புண்ணானால் இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைபாடோ பூஞ்சைத் தொற்றோ இருக்கலாம். எந்த லிப் பாமும் அதைத் தீர்க்காது, மருத்துவரைப் பாருங்கள். உதட்டில் ஒரே இடத்தில் புண்ணோ தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலும், வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.